முதுகு வைத்த தடம்

பெய்கிறதென்றால் பெய்யட்டும், நான் வேண்டாமென்றா சொன்னேன், ஐப்பசியில் பெய்யாமல் வேறு எப்போது பெய்யும், ஆனால் வேலுச்சாமி அண்ணனின் வேன் உள்ளே வந்து திரும்பிப் போன பிறகு பெய்திருக்கலாம், கொஞ்ச நேரம் பொறுத்தால் இந்த வானத்துக்கு என்ன குறைந்துவிடும். மூக்கு நுனியில் ஒரு சொட்டு. வேப்பமரத்து இலையிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்து முடிப்பதற்குள் நெற்றியில் ஒன்று, மம்முட்டிக் காம்பைப் பிடித்த கைமேல் ஒன்று, நேற்றுக் கொட்டிப் பரப்பிய கிராவல் சரளை மேல் சின்னச் சின்னதாகக் கறுப்புப் பொட்டுகள். புதுப் பானையில் முதன்முதலாகத் தண்ணீர் ஊற்றினால் வருமே, அந்த வாசனை. வேறொரு நாளாக இருந்தால் மூச்சை நன்றாக இழுத்து அனுபவித்திருப்பேன். இன்றைக்கு அந்த வாசனை வந்ததும் தார் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்து வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது இந்த இட்டேரி ஒன்றுதான், இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற தடம், பாதி வழியில் இந்த வேப்பமரத்துத் திருப்பம். திருப்பத்தில்தான் பள்ளம், மேட்டில் பெய்கிற மழையெல்லாம் கூட்டம் கூடுகிற இடம். பள்ளிக்கூட வேன் இன்றைக்கு இந்தத் திருப்பத்தைத் தாண்டி வந்து வாசலில் இறக்கிவிட்டால் என் மகள் நித்திலா இனி எங்களோடு இருப்பாள். சக்கரம் பதிந்துவிட்டால் பெருந்துறையில் என் அக்கா வீட்டிலேயே இருந்து படிப்பாள். இரண்டில் ஒன்று. நடுவில் வேறு எதுவும் இல்லை, நானும் மம்முட்டியும்தான்.

அதோடு என்னவோ ஒன்றை மறந்துவிட்டேன். மத்தியானத்திலிருந்தே மண்டைக்குள் ஒரு முள் மாதிரி அது இருக்கிறது, எங்கே குத்துகிறது என்று தொட்டுப் பார்த்தால் அகப்படவில்லை. துணியை எடுத்துவிட்டேன். எடுத்தேனா? எடுத்தேன், கட்டில்மேல் குவித்தேன், அவள் பாவாடையின் நாடா கொடியில் மாட்டிக்கொண்டது, இழுத்தேன், ஆமாம். கன்றுக்குட்டியைக் கட்டுத்தறிக்குள் பிடித்துக் கட்டிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டேன். நித்திக்குப் பால்கோவா கிண்டுவதற்காகப் பாலைச் சுண்ட வைத்திருந்தேன், கிளம்பும்போது அடுப்புக் குமிழைத் திருப்பினேன், திருப்பியது கைக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் என்ன? கோழிக்கூடு? கோழிக்கு என்ன, மழை வந்தால் தானாக உள்ளே போய்விடும், என்னைவிட விவரமானது. போனைக்கூட நனையாமல் பால் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருக்கிறேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முள் முள்ளாகவே இருக்கிறது. இவரிடம் சொன்னால் சிரிப்பார். "உனக்கு எதையாச்சும் மறந்தாத்தான் ஞாபகமே வரும்" என்பார். கட்டிக்கொண்ட புதிதில் அதற்கு எனக்குக் கோபம் வரும், இப்போது அது உண்மைதான் என்று தெரிந்துவிட்டதால் வருவதில்லை.

இந்தத் தடத்துக்கு வந்த கேடு எங்கள் புத்தியால் வந்த கேடு, வேறு யாரையும் சொல்வதற்கில்லை. வைகாசியில் குளத்தில் வண்டல் அள்ள விட்டார்களே, அப்போது இட்டேரிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பேசினோம். குழியெல்லாம் மூட மண் வேண்டும், குளத்தில் மண் இருக்கிறது, அள்ளு. அள்ளினோம். அதுவும் எப்படி? ஓரத்து மண் வேண்டாம், கல் கிடக்கும், நடுக்குளத்து மண்ணை அள்ளு, வெண்ணெய் மாதிரி இருக்கிறது பார் என்று ஆளுக்கு ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, நல்ல மண்ணாகத் தேர்ந்தெடுத்து அள்ளினோம். காட்டுக்காரனிடம் மண்ணைக் காட்டினால் அவனுக்கு வெள்ளாமை ஞாபகம்தான் வரும், சக்கரம் ஞாபகம் வருமா? கொட்டி நிரவியபோது தடம் தார் ரோட்டைவிட அழகாக இருந்தது, கறுகறுவென்று, வெறுங்காலில் நடந்தால் மெத்தை. ஆடியில் ஒரு சாரல் அடித்தது, ரோட்டில் கீரை முளைத்தது. பொய்யில்லை, குப்பைக்கீரை, அதுவும் தண்டு தண்டாக. பக்கத்துத் தோட்டத்து ருக்குமணியக்கா மடி நிறையப் பறித்துக்கொண்டு போய்க் கடைந்து, எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டாள். சக்கரத் தடத்தில் ஒரு பூசணிக்கொடி வேறு ஓடியது, நித்தி அதற்குத் தினமும் குடிநீர்ப் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றினாள். முந்தாநாள் மண்வாரி வண்டியோடு வந்த திருமூர்த்தி இறங்கி நின்று பார்த்துவிட்டுக் கேட்டான், "ஏனுங்கக்கா, இது ரோடா, நாத்தங்காலா?" நான் சிரித்துவிட்டேன். இவருக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று. காட்டுக்கு நல்ல மண், தடத்துக்குக் கெட்ட மண், இது தெரிய எங்கள் அத்தனை பேருக்கும் ஒரு மழை தேவைப்பட்டது.

அந்த மழை ஆவணியில் வந்தது. மெத்தை கூழாகிவிட்டது. வேலுச்சாமி அண்ணனின் வேன் இதே திருப்பத்தில் இறங்கி, பின்சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாகப் போய், உள்ளே பிள்ளைகள் எல்லாம் முதலில் கைதட்டி, அப்புறம் ஒன்று அழ, ஒன்று அழுதால் எல்லாம் அழுமே, அப்படி அழ, கடைசியில் டிராக்டர் வந்து இழுக்க இருட்டிவிட்டது. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் தார் ரோட்டில் நின்று அவரைப் பேசியதைக் கேட்டபோது எனக்கே காது கூசியது. மறுநாளிலிருந்து அவர் உள்ளே வருவதில்லை, அவர்மேல் தப்பில்லை. நான் மொபெட்டில் கொண்டுபோய் விட்டேன். விட்டுக்கொண்டுதான் இருந்தேன், புரட்டாசியில் அந்த ஒரு நாள் வரைக்கும். வேண்டாம், அதை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றால் கண் தானாக அந்த இடத்தைப் பார்க்கிறது, அதோ, அந்தக் கிளுவைக்குக் கீழே. முன்சக்கரம் என்னைக் கேட்காமலே பக்கவாட்டில் போனது. வண்டி சாய்ந்தது தெரியாது, சேறு வாய்க்குள் போனது தெரியும், இனிப்பா உவர்ப்பா என்று தெரியாத ஒரு ருசி, குளத்து ருசி. அப்புறம் சத்தமே இல்லை. பிள்ளை விழுந்தால் அழ வேண்டும், அழாத அந்த ஒரு மூச்சு நேரம் இருக்கிறதே. பிறகு அழுதாள். தாடையில் தையல் போட்டார்கள். தையல் போடும்போது என்னைப் பார்த்து, "ஒனக்கு வலிக்குதாம்மா?" என்று கேட்டாள், நான்தான் அழுதுகொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே பெருந்துறையிலிருந்து என் அக்கா சாந்தாமணி வந்து, "பள்ளிக்கூடம் என்ற ஊட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. மழை முடியற மட்டும் எங்கூட இருக்கட்டும். நீ எதையும் நெனைக்காத" என்று கூட்டிப்போனாள். எதையும் நினைக்காமல்தான் அனுப்பினேன்.

அக்கா நல்லவள். அதுதான் பயமே. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுக் கூட்டி வந்துவிடலாம். அவளுக்கு இரண்டும் பையன்கள், இவளுக்குத் தலை பின்ன, பூ வைக்க, கவுன் எடுக்க என்று அவளுக்குக் கை ஓயவில்லை. போனில் பேசினால், "இங்கயே படிச்சுட்டுப் போவுட்டுமே மேகலா, எனக்கென்ன பாரமா? இவ இருக்கறதுனாலதான் ஊடு ஊடாட்ட இருக்குது" என்கிறாள், நான் சிரித்துக்கொண்டே, "அதென்னக்கா, பாத்துக்கலாம்" என்கிறேன், போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தீபாவளிக்கு வந்தாள் நித்தி. புதுச்சட்டை, மத்தாப்பு, கன்றுக்குட்டியோடு ஒரே ஆட்டம். இரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரம் என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, நம்மூட்டுக்கு எப்பப் போறது?" எனக்கு முதலில் புரியவில்லை. "இதுதாண்டா கண்ணு நம்மூடு" என்றேன். "அதில்லம்மா, நம்மூடு, பெரியம்மா இருக்கற ஊடு." அவள் தப்பாக எதையும் சொல்லவில்லை. எங்கே தலை பின்னி விடுகிறார்களோ, எங்கே காலையில் கண் விழிக்கிறோமோ, அதுதான் நம் வீடு, பிள்ளைக்கு வேறு என்ன தெரியும். ஆனால் நான் அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். இவரிடம் போய், "தடத்தைச் செஞ்சு போடோணுமுங்க, இந்த வாரமே" என்றேன். "மழைக்காலத்துல எவன் மண்ணு வேலை செய்வான்" என்றார். "நாம செய்யலாமுங்க" என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கிராவலுக்கு ஆள் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

இப்போது தூறல் இல்லை, மழையேதான். வேப்பமரம் இதுவரை பிடித்து வைத்திருந்ததை எல்லாம் மொத்தமாக என் தலையில் விடுகிறது. பரவாயில்லை, என்னைப் பார்க்க வேண்டாம், தடத்தைப் பார்க்க வேண்டும். கூழையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு, அடியில் உடைந்த செங்கலும் வெங்கச்சாங்கல்லும் போட்டு, மேலே கிராவல் போட்டு, டிராக்டரை முன்னும் பின்னுமாக ஓட்டி அமுக்கியிருக்கிறோம். நடுவில் கொஞ்சம் மேடு, இரண்டு பக்கமும் சரிவு. "ரோட்டுக்கு முதுகு இருக்கோணும், வகுறு இருக்கப்படாது" என்று இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார், அது எங்கோ கேட்ட வார்த்தைதான், ஆனாலும் சொந்தமாகக் கண்டுபிடித்த மாதிரி சொன்னார், நானும் கேட்கிற மாதிரி கேட்டேன். இதோ, முதுகில் விழுகிற தண்ணீர் நிற்காமல் பக்கத்துக்கு நழுவுகிறது. நழுவு, நழுவு, ராசாத்தி. முதுகில் தண்ணீர் ஊற்றினால் நித்தியும் இப்படித்தான் நெளிவாள். சரி, நழுவிய தண்ணீர் எங்கே போகும்? அங்கேதான் நாச்சிமுத்து மாமா. இவருக்குப் பங்காளி முறை, ருக்குமணியக்காவின் வீட்டுக்காரர், மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்க அவருடைய மஞ்சள் காடு. வேலியோரமாக ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கிவிடலாம் என்று மம்முட்டியை ஓங்கியபோதே வந்து நின்றார். "என்ற மஞ்சக்காட்டுல ரெண்டு நாளைக்குத் தண்ணி நின்னாக் கெழங்கு அழுகிப்போகும். உங்க வேன் வாரதுக்கு நான் வெள்ளாமையைக் குடுக்கோணுமா அம்மிணி?" எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை, "அப்ப என்ற புள்ளையக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ருக்குமணியக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு கையையும் விரித்து, நான் என்னடி பண்ணட்டும் என்கிற மாதிரி காட்டினாள்.

அன்றைக்கு ராத்திரி எல்லாம் அவரைத் திட்டினேன், விடிந்து மாட்டுக்குப் புல் அறுக்கப் போனபோதுதான் கோபம் இறங்கியது. அவர் சொன்னதில் என்ன தப்பு? மஞ்சளுக்குக் காலில் தண்ணீர் நின்றால் ஆகாது, எனக்கும் தெரியும். ஆனால் என் கையில் இருந்த இந்த நேப்பியர் புல்? இது தண்ணீர் நின்றால் இன்னும் ஒரு சாண் வளரும். திருப்பத்துக்குக் கிழக்கே எங்கள் புல்லுக்காடு, மேற்கே அவருடைய மஞ்சள், நடுவில் தடம். தண்ணீரை மேற்கே ஓரமாக வாங்கி, தடத்துக்கு அடியிலே குழாய் போட்டு, கிழக்கே என் புல்லுக்குத் தள்ளிவிட்டால்? போர் போட்டுத் தண்ணீர் வராமல் போனபோது மிஞ்சிய பெரிய பைப் கட்டுத்தறிக்குப் பின்னால் கிடக்கிறது, பூனை குட்டி போடுவதைத் தவிர வேறு எதற்கும் ஆகாமல். அரிவாளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். இவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, நுரையோடு, "இதை நேத்தே சொல்றதுக்கென்ன?" என்றார். முந்தின நாள் புல் அறுத்தது இவர், நான் இல்லை, அதனால் சொல்லவில்லை. நாச்சிமுத்து மாமா வந்து பார்த்தார், பைப்பைக் காலால் உருட்டிப் பார்த்தார், "என்ற பக்கம் ஒரு சொட்டு ஏறுச்சுன்னா நானே வந்து மூடிப்போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆனால் பைப் போட்ட ஆழம் எனக்குப் போதவில்லை. திருமூர்த்திக்கு அடுத்த இடத்தில் வேலை, "ஒரு மொழம் போதுமுங்கக்கா, லாரியா வரப்போவுது?" என்று மூடிவிட்டான். பிள்ளைகள் நிறைந்த வேன் லாரியைவிடக் கனம், அது அவனுக்கு எப்படித் தெரியும்.

இடுப்பில் போன் அதிர்ந்தது. பால் கவருக்குள்ளேயே வைத்து அழுத்திக் காதில் வைத்தேன். இவர்தான், தார் ரோட்டு முக்கில் நிற்கிறார். "வேன் கெளம்பிருச்சாம். வேலுச்சாமி கூப்புட்டுச் சொன்னான். ஒருக்கா வந்து பாக்கறேன், சக்கரம் எறங்குச்சுன்னா அப்பறம் என்னையக் கூப்புடப்படாதுன்னு கறாராச் சொல்லீட்டான். அங்க மழை எப்படி?" "தூறலுங்க." "இங்க ஊத்துது." "அப்ப இங்கயும் கொஞ்சம் ஊத்துதுங்க." "தண்ணி நிக்குதா?" "முதுகுல நிக்கலீங்க." "பைப்புல போவுதா?" போகிறதா? நான் அதைப் பார்க்கவே இல்லை, முதுகையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "பாத்துச் சொல்றனுங்க" என்று வைத்துவிட்டுக் கிழக்கே குனிந்தேன். புல்லுக்காட்டில் பைப்பின் வாய் தெரிகிறது. வரவில்லை. ஒரு நூல் மாதிரி சொட்டு மட்டும். சரி, இப்போதுதானே தொடங்கியது, மேற்கே நிறைந்து வர வேண்டாமா என்று மேற்கே போய்ப் பார்த்தால், நிறைந்திருக்கிறது. வாய்க்கால் முழுக்க நிறைந்து, செங்காவியாகச் சுழன்று, பைப்பின் தலை எங்கே என்றே தெரியாமல் மூழ்கி, வேலிக் காலை நக்கிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் தள்ளி முதல் மஞ்சள் பாத்தி. அது ஏறினால் மாமாவின் காடு, ஏறாமல் திரும்பினால் என் தடத்தின் குறுக்கே. பைப் நசுங்கிவிட்டதா? டிராக்டர் ஓட்டும்போதே நசுங்கியிருக்குமா? அப்படியானால் வேன் ஏறும்போது உள்வாங்குமே, அதே சக்கரம், அதே இடம், மறுபடியும் பிள்ளைகள் கைதட்டி, மறுபடியும் அழுது, அக்காவுக்கு நான் என்ன சொல்வேன், நித்திக்கு நான் என்ன சொல்வேன், மம்முட்டியை விட்டு எங்கே துழாவினாலும் தண்ணீர் நகரவில்லை, முள் மட்டும் மண்டைக்குள் நகர்கிறது, எதையோ மறந்துவிட்டாய், எதையோ மறந்துவிட்டாய்.

"நான் சொன்னனா இல்லையா?" நாச்சிமுத்து மாமா. குடை இல்லை, தலையில் துண்டு, கையில் மண்வெட்டி, வேலி ஓரத்தில் நின்று தண்ணீரையே பார்க்கிறார். "ஏறுச்சுன்னா மூடிப்போடுவேன்னு சொன்னனா இல்லையா?" "மாமா, ஒரே ஒரு நிமிசமுங்க மாமா, வேன் வந்துட்டிருக்குதுங்க." "வேன் வருது, தண்ணி வந்துருச்சே அம்மிணி." அவர் குரலில் கோபம்கூட இல்லை, அது இன்னும் மோசம். மண்வெட்டியால் வேலிக்கு உள்பக்கம் ஒரு கரை அணைக்கத் தொடங்கினார். கரை அணைத்தால் அவர் காடு தப்பும், தண்ணீர் முழுக்கத் தடத்துக்கு வரும். அவரைச் சொல்லக் குற்றமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ருக்குமணியக்கா பின்னாலேயே ஓடி வந்தாள். "ஏண்டி, இப்படி நனைஞ்சுட்டு நிக்கற, சளி புடிச்சுப் படுத்துட்டா அந்தப் புள்ளைய ஆரு பாக்கறது? தலைக்கு ஒரு சாக்கைக் கவுத்துக்கறதுக்கென்ன, உரச்சாக்குதான் அத்தனை கெடக்குதே உங்கூட்டுல!"

சாக்கு.

முள் வெளியே வந்துவிட்டது. சாக்கு! நேற்றுக் கிராவல் கொட்டும்போது பைப்புக்குள் மண் போய்விடக் கூடாது என்று இரண்டு வாயிலும் உரச்சாக்கைச் சுருட்டி அடைத்தது நான், நானேதான், அதுவும் சும்மா இல்லை, காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக. காலையில் மேற்கே அடைத்ததை உருவி எடுத்தேன், அலசி வேலியில் காயப் போட்டேன், அப்போது பால்காரர் கூப்பிட்டார், ஓடினேன். கிழக்கே? அந்தக் கிழக்குச் சாக்கு எந்த வேலியிலும் காயவில்லை! தடத்தைக் குறுக்கே தாண்டிப் புல்லுக்குள் எப்படி இறங்கினேன் என்று தெரியாது, புல் கன்னத்தைக் கீறியது தெரிகிறது. பைப் வாய்க்குள் கை விட்டேன், முழங்கை வரை போனது, ஈரச் சாக்கின் முனை, வழுக்குகிறது, விரலில் சுற்றி இழுத்தேன், வரவில்லை, காலைப் பைப்மேல் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தேன். முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம். பிறகு சாக்கும் தண்ணீரும் நானுமாக எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டோம். மார்பில் அடித்து, முகத்தில் அடித்து, என்னைப் புல்மேல் மல்லாக்கத் தள்ளி, என்மேலேயே ஏறிப் போகிறது தண்ணீர். வாய்க்குள் மண். மறுபடியும் மண்தான், ஆனால் இந்தத் தரம் ருசி தெரிந்தது, கிராவலின் இரும்பு ருசி. எழுந்திருக்கவே தோன்றவில்லை. சாக்கைப் பிள்ளையை அணைத்த மாதிரி அணைத்துக்கொண்டு புல்லுக்குள் உட்கார்ந்து சிரிக்கிறேன், சத்தமாக, யாருக்கும் கேட்கட்டும் என்று. மேற்கே ருக்குமணியக்காவின் குரல், "எறங்குதுங்க, தண்ணி எறங்குதுங்க!" அப்புறம் நாச்சிமுத்து மாமாவின் தலை தடத்துக்கு மேலே தெரிந்தது. என்னைப் பார்த்தார், என் மடியில் இருந்த சாக்கைப் பார்த்தார். அந்த மனிதர் சிரித்து நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. "மூக்குல பஞ்சை அடைச்சுப்போட்டு மூச்சு வரலைன்னு வைத்தியரைக் கூப்புட்ட கதையாட்ட இருக்குது போ." "ஆமாங்க மாமா" என்றேன். அவர் அணைத்த கரையை அவரே மண்வெட்டியால் தட்டிவிட்டார்.

ஹார்ன் சத்தம். வேலுச்சாமி அண்ணன் தார் ரோட்டிலிருந்து திரும்பும்போதே அடித்துவிடுவார், மாடு கன்று ஒதுங்கட்டும் என்று. நான் புல்லிலிருந்து ஏறி வேப்பமரத்தடிக்கு வந்தேன். மஞ்சள் வேன், வைப்பர் ஆட ஆட, மெல்ல வருகிறது, முன்னால் இவர் முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வழி விடுகிறவர் மாதிரி நடந்து வருகிறார். திருப்பத்துக்கு முன்னால் வேன் நின்றது. அண்ணன் தலையை வெளியே நீட்டித் தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலை முதல் கால் வரை சேறாக நின்றிருந்த என்னை வைத்துத் தடத்தை எடை போட்டிருப்பார், நம்பிக்கை வந்திருக்காது. "போலாங்களா அம்மிணி?" "வாங்கண்ணா." முன்சக்கரம் முதுகில் ஏறியது. பைப்புக்கு நேர்மேல். எனக்குக் கண்ணை மூடத் தோன்றியது, மூடவில்லை, மூடினால் அந்தச் சத்தமில்லாத மூச்சு நேரம் வந்துவிடும். கிராவல் நறநறவென்றது. பின்சக்கரம். வேன் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது, என் உடம்பும் கூடச் சாய்ந்தது, பிறகு வேன் நிமிர்ந்தது, நான் நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று. போய்விட்டது. தாண்டிப் போய்விட்டது. சக்கரம் போன இடத்தில் மழைத் தண்ணீர் நிற்கவில்லை, கோலத்தை அழித்த மாதிரி லேசாக ஒரு தடம், அவ்வளவுதான். ருக்குமணியக்கா வேலிக்கு அந்தப் பக்கம் குலவை போட்டேவிட்டாள்.

வாசல் வரை போகட்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் வேனுக்குள் ஒரே கத்தல், அண்ணன் கொஞ்சம் தள்ளி நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். "எறங்கியே ஆகோணுமாமா, அம்மாவப் பாத்துட்டாளாமா. நாளைக்குக் காத்தாலே நேரா ஊட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கறேன், கெளப்பி வைங்க." நித்தி குதித்தாள். முதுகில் பை, தாடையில் அந்தத் தையல் கோடு. ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்று கையை விரித்தேன், அவள் என் சேலையைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போனாள். "அய்யே." பிறகு தடத்தைப் பார்த்தாள். திரும்பி மேற்கே, கிழக்கே. "குழி எங்கம்மா?" "மூடியாச்சுடா கண்ணு." "எல்லாத்தையுமா? வேன் குதிக்கவே இல்ல!" உதடு பிதுங்கிவிட்டது. அப்பாவைப் பார்த்தாள், நியாயம் கேட்கிற மாதிரி. "ஒன்னாச்சும் உட்டுருக்கலாமல்லோ" என்றார் அவர், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய் வேப்பமரத்தடியில் குனிய வைத்தேன். "காதை வெச்சுக் கேளு." அவள் குந்தி உட்கார்ந்து கேட்டாள். அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம், களகளவென்று, வாய் ஓயாமல். அவள் முகம் மாறியது. "உள்ள ஆரும்மா பேசறாங்க?" "தண்ணி." "என்ன பேசுது?" "மஞ்சக்காட்டுக்குப் போவமாட்டேன், புல்லுக்காட்டுக்குத்தான் போவேங்குது." வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

மழை விட்டிருந்தது, அல்லது எனக்குத் தெரியவில்லை. இவர் மம்முட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார், நித்தி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், முதுகின் மேலேயே, கை இரண்டையும் விரித்து, கயிற்றுமேல் நடக்கிறவள் மாதிரி. நான் அவளை எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா எப்படி இருக்கிறாள் என்றோ, இங்கேயே இருக்கிறாயா என்றோ, தீபாவளிக்குச் சொன்னதையோ, எதையும். கேட்டு வாங்குகிற பதில் எனக்கு வேண்டாம். கால் நறநறவென்று கிராவலில் பதிகிறது, பதிந்தால் எடுக்க வருகிறது, இது போதும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக் கூரை வேலிக்கு மேலே தெரிந்தபோது அவள் நின்றாள். மூக்கைத் தூக்கினாள், கன்றுக்குட்டி மாதிரி.

"அம்மா, நம்மூட்டுல என்னமோ தீயுது!"

குமிழைத் திருப்பினேன், கைக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அணைக்கிற பக்கம் திருப்பவில்லை, சின்னதாக வைக்கிற பக்கம் திருப்பியிருக்கிறேன். பால்கோவா.

"நம்மூட்டுலதாம்மா, நம்மூட்டுலதான்!" என்று கத்திக்கொண்டே அவள் முன்னால் ஓடினாள். தீய்ந்தால் தீயட்டும். நானும் ஓடினேன், ஈரச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் பின்னாலேயே, அந்த முதுகின் மேலே. வழுக்கவே இல்லை.